முங்கின காருக்கு மறுபிறவி உண்டா?

2025 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் தம்பி மகன், கரும்பைக் கடித்துக்கொண்டே செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பெரியப்பா, இதைப் பாருங்க."

ஒரு காரின் படம். மேல்பாதி வெள்ளை. ஜன்னலுக்குக் கீழே முழுக்கக் காய்ந்த சேறு. ஃபெஞ்சல் புயல் மழையில் முங்கி, காப்பீட்டுக்காரர்கள் கைகழுவி, ஏலத்துக்கு வந்த வண்டி. பையன் மெக்கானிக்கல் டிப்ளமா படித்துவிட்டு ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறான். மூன்று வருஷமாகச் சேர்த்த பணத்தில் இதை ஏலத்தில் எடுத்து, பிரித்து, ரேஸ் கார் கட்டப்போகிறானாம்.

என் தம்பி வாசல் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பையன் உள்ளே போனதும் மெதுவாக, "நீதான்ணே எடுத்துச் சொல்லணும். முப்பத்தெட்டு வருஷம் இதே வேலைதானே பாத்தே?" என்றான்.

உண்மைதான். ஒரு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் மோட்டார் கிளெய்ம் பிரிவிலேயே என் பாதி ஆயுள் போயிற்று. நசுங்கிய கார், எரிந்த லாரி, முங்கின வேன் என்று நான் பார்க்காத வண்டி இல்லை. ஆனால் "வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் பார்த்த சோழவரம். இன்னொன்று, திண்டிவனத்தில் ஒருநாள் நான் பார்த்த ஒரு கார். இரண்டையும் சொல்கிறேன். முதலில் சோழவரம்.

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம் தாண்டினால் சோழவரம். ஏரிக்குப் பேர்போன ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இப்படிப் பல இடங்களில் ஓடுதளங்கள் இருந்தன. நம் பக்கத்து உளுந்தூர்ப்பேட்டையிலும் ஒன்று உண்டு. போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீளமான கான்கிரீட் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண் சந்தோக்கின் தாத்தா. இந்தக் கிளப்காரர்களின் கண் அந்த ஓடுதளத்தின் மேல் விழுந்தது. விமானம் ஓடிய இடத்தில் கார் ஓடினால் என்ன?

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானதளம்தான். 1948-ல் அங்கே பந்தயம் ஓட ஆரம்பித்தார்கள். 1950 மே 13-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. இலங்கையில் களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையும் அதே ஜாதி. ஆக, போருக்குப் பிறகான கார் பந்தயம் என்பதே மிச்சம் மீதியில் பிறந்த விளையாட்டு. தளம் ராணுவம் விட்டுப்போனது. அதில் ஓடிய வண்டிகளும் பெரும்பாலும் மற்றவர்கள் கழித்துப்போட்டவைதான்.

உதாரணத்துக்கு கூப்பர். 1946-ல் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற அப்பாவும் மகனும் ஒரு சின்னப் பந்தயக் கார் கட்டினார்கள். ஃபியட் டோப்போலினோ என்ற குட்டிக் காரின் முன்பக்கத்தை எடுத்தார்கள். இன்னொரு டோப்போலினோவின் முன்பக்கத்தையும் எடுத்தார்கள். இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டி, ஒரு ஜேஏபி மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பின்னால் வைத்தார்கள். இன்ஜின் பின்னால் போனதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்ட அதுதான் வசதி. பதின்மூன்று வருஷம் கழித்து, 1959-லும் 1960-லும், இன்ஜினைப் பின்னால் வைத்த கூப்பர் கார்தான் ஜாக் பிராபம் ஓட்ட உலக சாம்பியன் ஆயிற்று. லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மனும் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத்தான் தன் முதல் காரைக் கட்டினார்.

சோழவரத்துக்கு நான் போனது கல்லூரி நாட்களில், 1970-களின் நடுவில். திண்டிவனத்தில் பஸ் ஏறி, பாரிமுனையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். திருவிழாவுக்கு வந்ததுபோலச் சாப்பாட்டுத் தூக்கோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வேலூர், சித்தூர் பக்கமிருந்தெல்லாம் ஆள். இலங்கையிலிருந்தும் பந்தயக்காரர்கள் வருவார்கள். ராஜகுமாரர்களும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் வெளிநாட்டு வண்டிகளில் சீறிக்கொண்டு போவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் என் கண் நின்றது வேறு வண்டிகளில்.

ஃபியட் 1100. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அம்பாசிடர். நம் டாக்டர் வீட்டிலும் பண்ணையார் வீட்டிலும் நின்ற அதே கார்கள். ஃபியட்டின் இன்ஜின் 1089 சிசி, சென்னையிலேயே தயாரான ஹெரால்டுக்கு 948 சிசி. இவற்றின் சீட்டைக் கழற்றிப்போட்டு, கண்ணாடியைக் கழற்றிப்போட்டு, பம்பரைக் கழற்றிப்போட்டு, எலும்பும் தோலுமாக ஓட்டினார்கள். அது இறக்குமதி லைசென்ஸ் காலம். வெளிநாட்டு பிஸ்டன் ஒன்று வேண்டுமென்றாலே வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டும். அதனால் இடித்து நொறுங்கிய கார், ஓடி ஓய்ந்த கார், ஓனர் கைவிட்ட கார் எல்லாமே அவர்களுக்குச் சுரங்கம். ஒரு வண்டியின் கியர்பாக்ஸ், இன்னொன்றின் ஆக்சில், புதுப்பேட்டையில் தேடிப்பிடித்த கார்புரேட்டர். சென்னை எழும்பூர் பக்கத்துப் புதுப்பேட்டையைத் தெரியாதவர்களுக்கு: காலையில் முழுக் காராக உள்ளே போனது, சாயங்காலம் கதவு தனி, கண்ணாடி தனி, டைனமோ தனி என்று கடைகடையாகத் தொங்கும் இடம்.

இந்தக் கழிவுக் கலையை ஒழுங்கான தொழிலாக மாற்றிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். அவரும் நல்ல ஓட்டக்காரர். ஆனால் அவர் பேர் நிலைத்தது, மற்றவர்கள் ஓட்டுவதற்கு மலிவாக ஒரு வண்டி செய்து கொடுத்ததால்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, கைக்கடக்கமான இன்ஜின். எங்கே போனாலும் உதிரிபாகம் கிடைக்கும். அந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வைத்து 1988-ல் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று அதைச் சொல்வார்கள். ராஜகுமாரர்களின் விளையாட்டு அன்றைக்குத்தான் நடுத்தர வர்க்கத்துப் பையன்கள் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. கோவை நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரால்தான் இருக்கிறது.

சோழவரத்தில் பந்தயம் நின்றுபோய், 1990 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே சொந்தமாக ஒரு தடம் போட்டது. அந்தத் தடத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. இந்த ஏரியின் பேரைக் கேட்டதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும். எனக்கும் அதேதான்.

2015 டிசம்பர் 1. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாறு இரண்டு கரையும் தாண்டியது. மனித உயிர் போன கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு இந்தக் கட்டுரை இடமில்லை. என் மேஜைக்கு வந்தது கார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைக்குக் கீழ் நிறுத்துமிடங்களில் கூரை வரைக்கும் தண்ணீர் நின்று, உள்ளே வரிசையாக முங்கிக் கிடந்த கார்கள். ஓய்வு பெற எனக்கு அப்போது சில மாதங்களே பாக்கி. 2005 ஜூலையில் மும்பையில் ஒரே நாளில் 94 செ.மீ. கொட்டியபோது எங்கள் மும்பை ஆபீஸ்காரர்கள் பட்ட பாட்டைக் கதையாகக் கேட்டிருக்கிறேன். அது நம் வீட்டு வாசலுக்கே வரும் என்று நினைத்ததில்லை.

முங்கின காரை எப்படிக் கணக்குப் பார்ப்போம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் பயன்படும். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பதுதான் முதல் கேள்வி. தரைவிரிப்பு மட்டமா, இருக்கை மட்டமா, டேஷ்போர்டு மட்டமா? தரைவிரிப்போடு நின்றிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டேஷ்போர்டைத் தொட்டுவிட்டால் மூளை போயிற்று. இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏர்பேக்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. இவற்றை எல்லாம் சேர்க்கும் வயர்க்கட்டு நம் உடம்பு நரம்புபோல வண்டி முழுக்க ஓடுகிறது. அதன் இணைப்புகளுக்குள் சேற்றுத்தண்ணீர் புகுந்தால், இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதம் கழித்துப் பச்சை பிடித்து நின்றுபோகும்.

அடுத்தது கணக்கு. வண்டிக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழித்து ஒரு காப்பீட்டு மதிப்பு உண்டு. ஐ.டி.வி. என்பார்கள். மூன்று வருஷம் முடிந்து நான்காவது வருஷத்தில் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதம் கழிப்பார்கள். 6 லட்ச ரூபாய் காரென்றால் மதிப்பு 3 லட்சத்து 60 ஆயிரம். பழுது பார்க்கும் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது 2 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. முழு இழப்பு. சொந்தக்காரருக்குப் பணம் போகும். வண்டி ஏலத்துக்குப் போகும். எங்கள் காலத்தில் சீல் வைத்த கவரில் டெண்டர். பிறகு எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதுதான் ஏலத்தின் ஒரே நிபந்தனை. எடுத்த பிறகு யாரையும் கேட்க முடியாது.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். 'முழு இழப்பு' என்பது செலவுக் கணக்கு. வண்டி முழுக்க வீண் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அப்படியானால் பாக்கி என்ன இருக்கிறது? அதைத்தான் ரேஸ் கட்டுகிறவன் பார்க்கிறான்.

வெள்ளம் எதையெல்லாம் கெடுக்கிறது? சீட்டு, கார்ப்பெட், கூரைத்துணி, ஏசி, பாட்டுப்பெட்டி, ஏர்பேக், வயர்க்கட்டு. ரேஸ் கட்டுகிறவன் முதல் நாளே கழற்றிக் குப்பையில் போடுவதும் இதே பட்டியல்தான். அவனுக்கு வேண்டியது கோணாத கூடு, சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், முடிந்தால் இன்ஜின். அடிபட்ட காரில் கூடு கோணியிருக்கும், வெள்ளத்துக் காரில் நேராக இருக்கும். அதனால் அவன் கண்ணுக்கு, முங்கின கார் அடிபட்ட காரைவிட ஒரு படி மேல். அமெரிக்காவில் 2006 முதல் லெமன்ஸ் என்றே ஒரு 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. பிரான்ஸின் புகழ்பெற்ற லெ மான் பந்தயத்தைக் கிண்டல் செய்யும் பேர். லெமன் என்றால் அங்கே ஓட்டை வண்டி என்று பொருள். 500 டாலருக்குள் வாங்கிக் கட்டிய கார்தான் ஓடவேண்டும் என்று விதி. ஆனால் உயிர்காக்கும் சாமான்களுக்கு ஆகும் செலவை அந்த 500-ல் சேர்க்கமாட்டார்கள். எனக்குப் பிடித்த விதி அது. விளையாட்டில் எங்கே கஞ்சத்தனம் பண்ணலாம், எங்கே பண்ணக்கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

இன்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று டிவியில் எல்லாம் சொல்கிறார்களே, ஏன்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது அது ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே மிஞ்சும் இடம் 33 மில்லிதான். ஒரு சின்ன மருந்துக் குப்பியளவு. அதற்குமேல் ஒரு வாய் தண்ணீர் இருந்தாலும், சாவியைத் திருப்பியதும் பிஸ்டன் கல்லில் முட்டியதுபோல முட்டி, கனெக்டிங் ராடு வளையும். நிறுத்தின இடத்திலேயே முங்கி, யாரும் சாவி போடாத வண்டியென்றால் ராடு தப்பியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு மூன்று தடவை மாற்றினால் பல இன்ஜின்கள் பிழைக்கும். அதுவும் துரு பிடிப்பதற்குள், சீக்கிரம் செய்தால்.

2016 தொடக்கத்தில் சென்னைக்கு வெளியே ஒரு ஏல மைதானத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருந்தேன். வரிசை வரிசையாக வண்டிகள். வெயில் ஏற ஏற ஒரு நாற்றம். அந்த நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே வாங்க வந்தவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். முதல் ரகம் புதுப்பேட்டைக்காரர்கள். பார்வையிலேயே எடைபோட்டு, உதிரிபாகத்துக்கு எடுப்பார்கள். இரண்டாவது, வண்டியைக் கழுவி, சீட்டு உறை மாற்றி, வாசனைத் திரவியம் அடித்து விற்பவர்கள். மூன்றாவதாக, அபூர்வமாக, கோவைத் தமிழ் பேசிய இரண்டு மெக்கானிக்குகள். அவர்கள் மட்டும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தொட்டு, பால் டீ நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ரேஸுக்கா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஆமாங்க சார், இதுல ஒரு நாள் ஓட்டறதுக்கு ஆறு மாசம் வேலை இருக்குதுங்க" என்றார் பெரியவர்.

நான் அப்போது அந்த இரண்டாவது ரகத்தைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஏலத்தொகை வந்ததா, கோப்பு மூடியதா, அவ்வளவுதான்.

இப்போது திண்டிவனம் கதை. ஓய்வு பெற்று பிரம்மதேசம் திரும்பி ஒன்றரை வருஷம் இருக்கும். மருந்து வாங்கத் திண்டிவனம் போயிருந்தேன். கடைவீதியில் ஒரு கார் நின்றது. பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரின் கிழிசல் தெரிந்த கிழிசலாக இருந்தது. நம்பரைப் பார்த்தேன். கிளெய்ம் வேலையில் இருந்தவனுக்கு நம்பர் மறக்காது. டேஷ்போர்டுக்கு மேல் தண்ணீர் ஏறி, முழு இழப்பு என்று நானே பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்ட கார். பளபளவென்று இருந்தது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. முன்னால் ஏர்பேக் விளக்கு எரியவில்லை. பழுதில்லாததால் எரியாமல் இருக்கலாம், பல்பையே பிடுங்கிவிட்டதாலும் எரியாமல் இருக்கலாம். எது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஓட்டி வந்தவர் கையில் பையோடு வந்தார். முப்பது முப்பத்தைந்து வயது. "தம்பி, வண்டி எங்கே வாங்கினீங்க?" என்று ஆரம்பித்தேன். "செகண்ட் ஹேண்டுதான் சார், ஒரே ஓனர், டாக்டர் வண்டி" என்றார் பெருமையாக. எனக்கு நாக்கு புரளவில்லை. குழந்தைகள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருக்கவேண்டும். 'ஒருதடவை நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்' என்றாவது சொல்லியிருக்கலாம். நம் ஆர்.சி.யில் 'இது வெள்ளத்தில் முங்கியது' என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, இனி ஓடவே முடியாத நிலைக்குப் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. ஆனால் செலவுக் கணக்கில் முழு இழப்பான வண்டி, ஆர்.சி.யோடு கைமாறிப் போய்விடுகிறது. அப்புறம் அது டாக்டர் வண்டியும் ஆகலாம், திருடின இன்னொரு வண்டிக்கு முகமூடியும் ஆகலாம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்று முத்திரை குத்துகிறார்கள். அதையும் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றி அழிக்கிறவர்கள் அங்கே உண்டு என்பது வேறு கதை.

பொங்கல் முடிந்து நான்கு நாள் இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரே குட்டையில் முங்கின இரண்டு கார்கள். ஒன்றை எடுத்தவன் சேற்றை மறைத்தான். இன்னொன்றை எடுத்தவன் சேற்றைத் தேடித்தேடிச் சுரண்டினான். சோழவரத்து ஃபியட்காரரும், கரிவரதனும், வண்டிக்கு அடியில் படுத்த கோவைப் பெரியவரும் இந்த இரண்டாவது கட்சி. கழிவை வாங்கினார்கள், கழிவு என்று தெரிந்தே வாங்கினார்கள், ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பார்த்துத்தான் மறுபடி மாட்டினார்கள். ஏனென்றால் அதில் உட்காரப்போவது அவர்களேதான். முங்கின காருக்கு மறுபிறவி உண்டு. அது சாலையில் கிடையாது, தடத்தில்தான்.

பையனைக் கூப்பிட்டு மூன்று நிபந்தனை போட்டேன்.

ஒன்று, கடல் தண்ணீர் பட்ட வண்டி வேண்டாம். மரக்காணம் உப்பளம் பக்கத்தில் இருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. உப்பு பட்ட சைக்கிள் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். காரின் கூட்டில் மூடிய பெட்டிபோன்ற பகுதிகள் உண்டு. உள்ளே உப்பு தங்கினால் வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு அப்பளமாகும்.

இரண்டு, ஆர்.சி. ரத்தான வண்டிதான் எடுக்கவேண்டும். மூடிய தடத்தில் ஓடும் வண்டிக்கு ஆர்.சி. எதற்கு? விலையும் குறையும், நாளைக்குப் பணமுடை வந்தால் கழுவி விற்கும் ஆசையும் வராது.

மூன்று, காருக்குக் கொடுக்கும் பணத்தைவிட உயிருக்குக் கொடுக்கும் பணம் அதிகமாக இருக்கவேண்டும். உள்ளே தையல் இல்லாத இரும்புக் குழாயில் ரோல் கேஜ், ரேஸ் சீட்டு, தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் பெல்ட், வெளியிலிருந்தே மின்சாரத்தை அணைக்கும் சுவிட்சு, தீயணைப்பான், ஹெல்மெட். வயரிங் முழுக்கப் புதிது. பிரேக்கில் பழைய ரப்பர் ஒன்றுகூட இருக்கக்கூடாது. 1971 முதல் இருக்கும் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் சம்மேளனம் லைசென்ஸ் கொடுத்து, பரிசோதகர்கள் வண்டியைப் பார்த்து அனுமதித்த பிறகுதான் பந்தயம். அதுவரை உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளம் காலியாகக் கிடக்கிறது என்று யாராவது சிநேகிதன் கூப்பிட்டால் போகக்கூடாது. ஈ.சி.ஆர். பற்றிப் பேசவே கூடாது.

படத்தில் காட்டிய வெள்ளைக் காரைப் பார்க்க நானும் கூடப் போனேன். பார்த்ததும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னேன். இது பழைய கார் வாங்கும் எல்லாருக்கும் சொல்கிறேன்: பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் அங்கே கழுவமாட்டார்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி முங்கினது. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள், ஹெட்லைட்டுக்குள் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். அந்த வெள்ளைக் காரின் பெல்ட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பையன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். உப்பு. "வேணாம் பெரியப்பா" என்றான் அவனே.

இரண்டு மாதம் கழித்து வேறொன்று கிடைத்தது. ஏரித் தண்ணீரில் நின்றது, சாவி போடாதது, ஆர்.சி. ரத்தானது. இப்போது எங்கள் பழைய மாட்டுக்கொட்டகையில் வெறும் கூடாக நிற்கிறது. சனி, ஞாயிறு வந்தால் பையன் உள்ளே புகுந்துகொண்டு சுரண்டுகிறான். அடித்தட்டில் இருந்து எடுத்த சேறே ஒரு பாண்டு இருக்கும். என் தம்பி முதல் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. போன வாரம் பார்த்தால், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மகனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தான்.

அது ஓடுமா, எப்போது ஓடும் என்று கேட்காதீர்கள். ஓடினால் இருங்காட்டுக்கோட்டையில் ஓடும், நானும் போவேன், உங்களுக்கும் எழுதுவேன்.

திண்டிவனத்து அந்தக் காரின் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் தேடுகிறேன். இந்தத் தடவை பார்த்தால், பெல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொல்லுவேன்.